பூட்டும் கள்ளச் சாவியும்

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விடியோ விளையாட்டு வியாபாரம், கண்டவர்களெல்லாம் செய்து குவித்த மட்டச் சரக்கின் பெருக்கத்தால் நிலைகுலைந்து வீழ்ந்ததைக் கவனித்திருந்த ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ, இரண்டாண்டு கழித்து அத்தேசத்தில் தன் யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தபோது, சுதேசத்தில் விற்ற யந்திரத்தில் இல்லாத ஒரு சிறு சிப்பை அதனுள்ளே பொருத்தி வைத்தது. அந்தச் சிப்பும், விளையாட்டு அடங்கிய கார்ட்ரிஜில் இருக்கும் அதன் ஜோடியும் ஒரே எண்வரிசையை இடைவிடாமல் ஒருமித்து ஓதிக்கொண்டிருக்க வேண்டும். ஓதுவது பிசகினால், முகப்பிலுள்ள சிவப்பு விளக்கு வினாடிக்கொரு தரம் அணைந்து அணைந்து எரியும், திரையும் கூடவே கண்சிமிட்டும், ஆட்டமோ ஆரம்பமாகாது. கள்ளப் பிரதிகளைத் தடுப்பதுடன், யார் யார் விளையாட்டு செய்து விற்கலாம் என்று நிர்ணயிக்கும் அதிகாரமும் இதனால் நின்டெண்டோவின் கைக்கு வந்தது. பின்னதே பிரதான நோக்கம் என்பது என் அபிப்பிராயம்.

பூட்டு வந்தபின் சாவி செய்பவர் வராமலிருப்பாரா? அட்டாரி கேம்ஸ் நிறுவனம், தான் ஒரு வழக்கில் பிரதிவாதி என்று பதிப்புரிமை அலுவலகத்தில் பொய்யுரைத்து அந்தச் சிப்பின் நிரலைப் பெற்றுக்கொண்ட செய்தி, 1992-ஆம் வருஷத்திய நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

சோனி 1994-இல் வெளியிட்ட பிளேஸ்டேஷன் யந்திரத்தின் பூட்டு, விளையாட்டு அடங்கிய குறுந்தகட்டின் உட்புற விளிம்பிலுள்ள தடத்தின் நுண்ணிய நெளிவில் ஒளிந்திருந்தது. வீட்டில் பிரதியெடுக்கும் சாதனத்தால் அந்நெளிவை எழுத இயலாது. எட்டுக் கால்களுள்ள ஒரு சிப்பை மயிரிழை போன்ற கம்பிகளால் உள்பலகையில் பற்றவைத்து, அந்நெளிவில் இருக்க வேண்டிய எழுத்துக்களை யந்திரத்துக்குப் பொய்யாக ஊட்டும் உபாயத்தைச் சில்லறைக் கடைக்காரர்கள் கற்றுக்கொண்டார்கள். ஈயம் ஓரிழை பிசகிப் படிந்தால் பலகை பாழாகும் என்பதே அக்காலத்து அபாயம். பிற்பாடு வந்த சில விளையாட்டுக்கள், அந்நியச் சிப் உள்ளிருப்பதைத் தாமே துழாவிக் கண்டுபிடித்து ஓட மறுத்தன.

பற்றவைக்கும் வேலை போய், இறக்கிக்கொள்ளும் மென்பொருளே சாவியாக மாறிய காலத்தில்தான் விஷயம் விபரீதமாயிற்று. 2005 அக்டோபரில், சோனியின் கையடக்க யந்திரமான பிஎஸ்பியைப் பழைய பதிப்புக்குத் திருப்பி, தடையை நீக்கித் தருவதாக வேஷமிட்டு உலாவிய ஒரு நிரல், இன்றியமையாத உள்கோப்புக்களை அழித்து, யந்திரத்தை இனி எழும்பாத வெறும் கட்டையாக்கியது. அதே மாதத்தில் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்கும் அத்தகையதொன்று வந்தது.

இவை வஞ்சகரின் வேலை. ஆனால் விலை வாங்கிச் சாவி விற்ற வியாபாரிகள் செய்ததுதான் எனக்கு அதிக விசித்திரமாகத் தோன்றுகிறது. நின்டெண்டோவின் 3டிஎஸ் யந்திரத்துக்கான கேட்வே என்னும் கருவியைப் பிறர் போலி செய்யத் தொடங்கவே, 2014 ஜனவரியில் வந்த அதன் புதிய மென்பொருளில், போலியைக் கண்டால் யந்திரத்தின் உள்நினைவகத்தையே முடக்கும் ஆணைகள் புதைந்திருப்பதை ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். அசல் கருவியை வாங்கியவர்கள் சிலரும் தங்கள் யந்திரம் செயலற்றுப்போயிற்று என்று முறையிட்டனர். 2018-இல் டீம் எக்செக்யூட்டர் குழுவினர் நின்டெண்டோவின் ஸ்விட்ச் யந்திரத்துக்கு விற்ற மென்பொருளிலும் அவ்விதமே ஒரு கண்ணி காணப்பட்டது. பிறர் பூட்டை உடைப்பது சுதந்திரம் என்று பிரசங்கித்தவர்கள், தம் சரக்குக்கு மட்டும் முன்னதிலும் குரூரமான பூட்டைப் போட்டார்கள்.

அக்குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அவ்வழக்கில் நஷ்டஈடு பெறும் உரிமை நின்டெண்டோவுக்குக் கிடைத்தது.