உறைக்குள் உறைந்த துரு

2018 ஆகஸ்ட் 14 அன்று முற்பகல் 11.36 மணிக்கு, கொட்டும் மழையில், இத்தாலியின் துறைமுக நகரான ஜெனோவாவில் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் அறுந்து வீழ்ந்தது. போல்சேவேரா பள்ளத்தாக்கின் மேல் 45 மீட்டர் உயரத்தில் நின்ற அப்பாலத்தின் ஒரு பகுதி, 9ஆம் எண் தூணோடும் கோபுரத்தோடும் சரிந்தது. மாண்டவர் 43 பேர். கோடை விடுமுறைக்குப் புறப்பட்ட குடும்பங்களும் அவர்களுள் அடங்கும். பாலத்துக்கு வயது 51கூட நிறையவில்லை.

தமிழ் கற்பிப்போருக்குக் கான்கிரீட்டில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நம்மை இதற்குள் இழுத்தது 'உறை' என்னும் சொல்தான். உறை என்றால் போர்வை, உறைதல் என்றால் இறுகுதல், தங்கியிருத்தலும் உறைதலே. இப்பாலத்தின் வரலாற்றில் மூன்று பொருளும் ஒன்றுகூடுகின்றன.

1867இல் பாரிஸ் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, செடி வளர்க்கும் தொட்டிகளைக் கம்பிவலை வைத்துச் சிமெண்டால் வார்ப்பதற்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஆர்.சி.சி.யின் மூதாதையருள் ஒன்று அந்தத் தொட்டி. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவிசைக்கு உடையும். இரும்பு இழுவிசையைத் தாங்கும், ஈரத்தில் துருவேறும். ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்தது. சிமெண்ட் நீரோடு கூடி இறுகும்போது சுண்ணாம்பு பிறப்பதால், கான்கிரீட்டின் நுண்துளைகளில் நிற்கும் நீர் கடுங்காரமாக இருக்கும். அதன் பிஎச் 12.5க்கும் மேல். அந்தக் காரத்தில் இரும்பின்மீது கண்ணுக்குப் புலனாகாத ஒரு மென்படலம் படிகிறது. அது உள்ளவரை துரு அண்டாது.

ஆனால் கான்கிரீட் துளையற்ற பொருளன்று. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உட்புகுந்து காரத்தைத் தணிக்கிறது. கடற்காற்றின் உப்பிலுள்ள குளோரைடோ அதுவரை காத்திராமல் படலத்தை ஆங்காங்கே துளைத்துவிடுகிறது. பிறக்கும் துரு, தான் தின்ற இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கிக் கான்கிரீட்டைப் பிளக்கும். பழைய மாடிவீடுகளின் கூரையடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அசிங்கமான காட்சிதான், ஆயினும் நேர்மையான காட்சி. வீடு தன் நோயை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது.

ஜெனோவாப் பாலம் அப்படிச் சொல்லவில்லை. அதை வடிவமைத்தவர் ரிக்கார்டோ மொராண்டி. 1962இல் வெனிசுவேலாவின் மராகைபோ ஏரிமீது அவர் அமைத்த நெடும்பாலத்தில், கோபுரங்களிலிருந்து சாய்ந்திறங்கிப் பாதையைத் தாங்கும் எஃகு வடங்கள் வெளியே தெரிந்தன. 1967இல் திறக்கப்பட்ட ஜெனோவாப் பாலத்திலோ அவற்றுக்குக் கான்கிரீட் உறை அணிவித்தார். அழகுக்கு மட்டுமன்று, துருவிலிருந்து காக்கவுமே. ஒரு கோபுரத்துக்கு நான்கே தாங்கிகள். ஒன்று போனால் பாரத்தை ஏற்க வேறொன்று இல்லை.

பின்னர் நடந்ததை விதியின் கேலி என்றே கருதுகிறோம். மராகைபோவின் வெற்று வடங்கள் துருவேறின. 1979இல் ஒன்று அறுந்தது. துரு கண்ணெதிரே இருந்ததால் அடுத்த சில ஆண்டுகளில் வடங்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. அப்பாலம் நின்றது. ஜெனோவாவில் உறைக்குள் இருந்தவற்றை எவரும் எளிதில் பார்க்க இயலவில்லை. வடங்களைச் சூழச் சிமெண்ட் கலவை செலுத்தப்படும் குழாய்கள் சில இடங்களில் முழுமையாக நிரம்பாமல் வெற்றிடம் விட்டிருந்தன. ஈரம் அங்கே உறைந்தது. கடும் இழுவிசையில் நின்ற மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக நலிந்தன. வெளிச்சுவர் அதைப் பெரிதாகக் காட்டிக்கொடுக்கவில்லை.

மொராண்டியைக் குற்றம் சாட்டுவோர் பலர். நாம் முழுதும் உடன்படவில்லை. பாலம் திறந்து பன்னிரண்டே ஆண்டுகளில், 1979இல், அவரே ஓர் அறிக்கை எழுதினார். கடற்காற்றும் அருகிலிருந்த உருக்காலையின் புகையும் எதிர்பாராத வேகத்தில் கான்கிரீட்டை அரிப்பதைக் கண்டு, துருவைச் சுரண்டி நீக்கி, பாதுகாப்புப் பூச்சு இட வேண்டும் என்று வற்புறுத்தினார். தன் படைப்பின் பிழையைத் தானே எழுதி வைக்கும் கலைஞர் எத்தனை பேர்? 1989இல் அவர் மறைந்தார். 1990களின் தொடக்கத்தில் 11ஆம் எண் தூணின் தாங்கிகளைத் திறந்து பார்த்தபோது கடுந்துரு வெளிப்பட்டது; வெளியிலிருந்து புது வடங்கள் பூட்டி அவற்றை வலுப்படுத்தினர். அதே கையால், அதே காலத்தில், அதே முறையில் கட்டப்பட்ட 9ஆம் தூண் அப்படியே விடப்பட்டது. உறை சற்று நன்றாகத் தோன்றியிருக்க வேண்டும். இந்த ஒரு முடிவைத்தான் நம்மால் எளிதில் கடந்துபோக இயலவில்லை. அதை வலுப்படுத்தும் திட்டம் 2018இல் தாளில் ஆயத்தமாயிருந்தது, பணி தொடங்கவில்லை.

நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர்கள் 2020இல் தந்த அறிக்கை, 9ஆம் தூணின் தென்புறத் தாங்கி ஒன்றின் மேல்முனையில் பற்றிய துருவையே வீழ்ச்சியின் தொடக்கமாகக் குறித்தது. எஞ்சி நின்ற கோபுரங்கள் 2019 ஜூன் 28 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அவ்விடத்தில் ஜெனோவாவில் பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய பாலம் 2020 ஆகஸ்ட் 3 அன்று திறக்கப்பட்டது. அதன் அடிப்பகுதியைக் கண்காணிக்க இயந்திரங்கள் ஊர்கின்றன. உப்பீரம் படியாதிருக்க, உள்ளே காற்றை உலர்த்தும் கருவிகள் ஓடுகின்றன.