பஞ்சத்தில் சோறு போட்ட பின்னல்

குரோஷா ஊசியைப் புதிதாகப் பிடித்து, சங்கிலிப் பின்னல் கோணுகிறதே என்று அலுத்துக்கொள்கிறீர்களா? அயர்லாந்தில் வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றவர்களும் இந்தச் சங்கிலியில்தான் தொடங்கினார்கள்.

1845இல் அங்கே உருளைக்கிழங்குப் பயிர் அழுகி, பெரும் பஞ்சம் வந்தது. 1847இல் குளோன்ஸ் ஊர்ப் பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், ஓர் ஆசிரியையை வரவழைத்து ஏழைப் பெண்களுக்கு குரோஷா கற்பிக்க ஏற்பாடு செய்தார். பார்வைக்கு வெனிஸ் நகரத்து ஊசி லேஸ் மாதிரியே இருக்கும்; ஆனால் வெகு சீக்கிரம் முடியும், காசும் சீக்கிரம் வரும். ஒருத்தி ரோஜா பின்னுவாள், இன்னொருத்தி இலை. வேறொருத்தி வலைப்பின்னலால் இணைப்பாள். கற்றுக்குட்டிக்கு எவ்வளவு வசதி பாருங்கள்!

'குளோன்ஸ் முடிச்சு' இன்றும் அந்த ஊர்ப் பெயரிலேயே வழங்குகிறது. சங்கிலி சீரானதும் முயன்று பாருங்கள்: நூலைப் பலமுறை சுற்றி, எல்லாச் சுற்றுகளின் வழியாகவும் ஒரே இழுப்பு.