தேர்வு நச்சுத்தன்மை: பூஞ்சை, வைரஸ் மருந்துகளில்

நோய்க்கிருமியை அழித்து, அது குடியிருக்கும் உடலை விட்டுவைக்கும் மருந்தின் இயல்பு தேர்வு நச்சுத்தன்மை எனப்படும். இதைத் தேடிப் புறப்பட்டவர் ஜெர்மனியின் பால் எர்லிக். சிபிலிஸ் நோய்க்கு 1910இல் வந்த சால்வர்சான் அவர் தேடலில் விளைந்தது. பின்னர் வந்த பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் குலைக்கிறது. நம் செல்லுக்குச் சுவரே இல்லை. பூஞ்சையின் செல்லோ உட்கரு உட்படப் பலவற்றில் நம்முடையதை ஒத்தது. அதற்கு வைக்கும் நஞ்சு நோயாளியையும் எளிதில் வதைக்கும்.

இதற்கு வழி கண்டவர்கள் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறையின் இரு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்துச் சோதிப்பார். தேறியவற்றைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். அங்கே ரேச்சல் புரௌன் மருந்துப்பொருளைப் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த மருந்தை 1950இல் அறிவித்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரால் அது நிஸ்டாட்டின் ஆயிற்று. உரிமத்தொகையாக வந்த 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணம் முழுவதையும் ஆய்வுக்கே விட்டுக்கொடுத்த இவ்விருவரும் இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியவர்கள்.

நம் செல்சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால். நிஸ்டாட்டின் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொள்ள, சவ்வு ஒழுகிப் பூஞ்சை மடிகிறது. ஆனால் இரு பொருள்களும் ஏறத்தாழ ஒரே சாயல். அதனால் நிஸ்டாட்டின் தோல், வாய், குடல் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. ஊசி வழியே செலுத்தப்படும் அதன் உறவுக்கார மருந்து ஆம்போடெரிசின், சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும். 2021இல் ‘கருப்புப் பூஞ்சை’ பரவியபோது தட்டுப்பாட்டுக்கு நடுவே இந்தியா தேடியது இந்த மருந்தைத்தான். ஃபுளூகோனசோல் போன்றவை எர்கோஸ்டெரால் உருவாவதையே தடுக்கின்றன.

வைரஸுக்குச் சொந்தமாகச் செல்லே கிடையாது. நம் செல்லின் கருவிகளைக் கொண்டே அது பெருகுகிறது. 1962இல் கண்ணில் வரும் ஹெர்பீஸுக்குப் பயன்பட்ட ஐடாக்ஸியூரிடின் நம் டிஎன்ஏவையும் கெடுத்ததால் கண்ணைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனின் குழு 1977இல் விளக்கிய அசைக்ளோவிர் வேறு வகை. அது செயலற்ற வடிவில் உடலுக்குள் செல்கிறது. அதில் முதல் பாஸ்பேட்டைச் சேர்ப்பது ஹெர்பீஸ் வைரஸின் சொந்த நொதி. அடுத்த இரண்டை நம் நொதிகளே சேர்க்கின்றன. அப்படி விழித்த மருந்து வைரஸின் டிஎன்ஏ இழையில் புகுந்ததும், அடுத்த கண்ணி கோக்க இடமின்றி இழை நின்றுவிடுகிறது. தொற்றாத செல்லில் மருந்து பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

முதல் பாஸ்பேட்டைச் சேர்க்கும் அந்த நொதியை இழந்துவிட்ட வைரஸுக்கு அசைக்ளோவிர் பலிப்பதில்லை. அப்போது தரப்படும் ஃபாஸ்கார்னெட்டுக்கு நொதியின் தயவு வேண்டாம். ஆனால் அதுவும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது.