ஒரு ரூபாய்க்கு 32 மாத்திரை

இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது முப்பது ஆண்டுகளில் வெளிவந்த இந்திய இதழ்கள் பலவற்றின் பின்பக்கங்களைப் புரட்டினால், தலைவர்களின் சொற்பொழிவுகளுக்கும் புத்தக மதிப்புரைகளுக்கும் அருகில் ஜாம்நகரிலிருந்து வந்த ஒரு விளம்பரம் கண்ணில் படும். கத்தியவாரைச் சேர்ந்த வைத்திய சாஸ்திரி மணிசங்கர் கோவிந்தஜியின் ஆதங்க நிக்ரஹ மாத்திரை விளம்பரம் அது. ஒரு டப்பியில் 32 மாத்திரைகள். விலை ஒரு ரூபாய். இரத்தம் சுத்தியாகும், நரம்புகள் உறுதிப்படும், இழந்த பலம் மீளும் என்ற வாக்குறுதிகள் அதில் இருக்கும். கேட்டு எழுதுவோருக்குக் ‘காமசாஸ்திரம்’ என்ற சிறுநூல் இலவசம், அஞ்சற்செலவுகூட இல்லை. அந்தச் சிறுநூலே மாத்திரையைவிடக் கெட்டிக்காரத்தனமான சரக்கு. நோய் இன்னதென்று கற்பிக்கும் புத்தகத்துக்குக் காசில்லை. மருந்துக்கு மட்டுமே காசு.

இந்த வணிகம் நாடெங்கும் பரவ வழிசெய்தது அஞ்சல் துறை. 1877இல் இந்தியாவில் வி.பி.பி. முறை தொடங்கியது. பணத்தை முன்னதாக அனுப்ப வேண்டியதில்லை. பொட்டலம் வந்து சேர்ந்ததும் தபால்காரரிடம் கொடுத்தால் போதும். கடிகாரமும் புத்தகமும் இவ்வழியே சிற்றூர்களுக்குச் சென்றன. ஆனால் ஒருவகை வாடிக்கையாளருக்கு அந்த முறை வேறொரு வரத்தையும் அளித்தது. உள்ளூர் வைத்தியரின் முகத்தைப் பார்க்க வேண்டாம். நாடி பிடிப்பவர் கேட்கும் கேள்விகளுக்கு நாக் கூச வேண்டாம். அந்த ஒரு ரூபாயில் மாத்திரையின் அடக்கவிலை எவ்வளவு, மறைவின் விலை எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், பின்னதே பெரும்பகுதி என்று கொள்ள இடமுண்டு. ஆண்களின் பாலியல் நலம் சார்ந்த சிகிச்சைகளுக்கு இந்தியாவில் விலை அமைந்த விதத்தை அன்றுமுதல் இன்றுவரை விளக்குவது இந்த மறைவின் விலைதான்.

வெட்கத்துக்கு முன்னரே அச்சம் இருந்தது. உண்ட உணவு இரசமாகி, இரசம் இரத்தமாகி, பின் தசை, கொழுப்பு, எலும்பு, மச்சை எனப் படிப்படியாக மாறி, ஏழாவது தாதுவாக விந்து உருவாகிறது என்பது ஆயுர்வேதத்தின் கணக்கு. சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி காயகற்பத்துக்கு முதல் அத்தியாயத்தையும் வாஜீகரணம் எனப்படும் ஆண்மை வளர்ப்புக்கு இரண்டாவது அத்தியாயத்தையும் ஒதுக்கியிருக்கிறது. மக்கள் வழக்கில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது: நாற்பது துளி இரத்தம் சேர்ந்தால் ஒரு துளி விந்து. உடல் ஒரு கருவூலமாகவும், ஒவ்வோர் இழப்பும் செலவாகவும் எண்ணப்பட்டது. வடக்கே ‘தாத்’ என்று சொல்லப்படும் நோயும், தமிழ் விளம்பரங்களின் ‘தாதுபுஷ்டி லேகியமும்’ ஒரே சொல்லின் இரு கிளைகள்.

இதை இந்தியாவுக்கு மட்டுமே உரிய மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. சுவிட்சர்லாந்து மருத்துவர் தீசோ, 1760இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூலில், கைப்பழக்கம் உடலை உருக்கிக் கொல்லும் என்று எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மோன்பெலியே நகரின் அறுவை மருத்துவர் லாலமாண், விந்துக் கசிவைத் தனி நோயாக அறிவித்து, சிறுநீர்க் குழாயைச் சில்வர் நைட்ரேட்டால் சுட்டு ‘குணப்படுத்தினார்’. காலனி ஆட்சியில் ஆங்கிலம் கற்ற இளைஞர் இவ்விரு மரபுகளின் அச்சங்களையும் ஒருங்கே பெற்றார். பாட்டி சொன்ன நாற்பது துளியை ஐரோப்பிய மருத்துவ நூலும் ஒப்புக்கொண்டதுபோல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இரு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்தச் சந்தை பணப்பைக்கு ஏற்றபடி அடுக்குகளாகப் பிரிந்திருந்தது. சந்தைத் திடல்களிலும் தெருவோரங்களிலும் முள்வால் பல்லியின் கொழுப்பை உருக்கி எடுக்கும் ‘சாண்டா’ எண்ணெய் விற்றது. தார்ப் பாலைவனத்து வாயில்லா உயிரான அப்பல்லிக்குச் சட்டப் பாதுகாப்பு வந்த பின்னும் அந்த வியாபாரம் முற்றாக நின்றபாடில்லை. அதற்கு மேல் தபால் மாத்திரைகள். அதற்கும் மேல், பொன்னும் வெள்ளியும் புடமிட்ட குஷ்தாக்களையும் மஜூன்களையும் நவாபுகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் தயாரித்தளித்த ஹகீம்கள். நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கென ஜெர்மனியிலிருந்து ‘ஒகாஸா’ வந்தது: ஆணுக்கு வெள்ளி, பெண்ணுக்குப் பொன் என்று இருவகை. சுரப்பிகளின் அறிவியல் என்ற புதிய பெயரோடு அது பம்பாய் நாளிதழ்களில் பெரிதாக விளம்பரமாயிற்று. உச்சியில், குரங்கின் விதைச் சீவல்களை மனிதருக்கு ஒட்டும் அறுவையை 1920இல் பாரிசில் தொடங்கிய வோரோனாஃப். கொடுத்த பணத்தில் இந்த அடுக்குகள் வேறுபட்டனவேயன்றிக் கிடைத்த பலனில் பெரிதாக வேறுபட்டதற்குச் சான்றில்லை. டெஸ்டோஸ்டெரோன் செயற்கையாக உருவாக்கப்பட்டது 1935இல்தான்; அதுவும் அந்தச் சுரப்பு உண்மையில் குறைந்தவர்களுக்கே பயன்படும்.

இந்தச் சந்தைக்கு நடுவே, விற்பதற்கு மருந்து எதுவும் இல்லாத ஒருவர் பம்பாயில் இருந்தார். கணிதப் பேராசிரியராக இருந்த ரகுநாத் தோண்டோ கார்வே 1921இல் கருத்தடை ஆலோசனை நிலையம் தொடங்கினார். 1927 முதல் 1953இல் இறக்கும்வரை ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ என்ற மராத்தி மாத இதழை நடத்தினார். அதன் கேள்வி பதில் பகுதிக்கு ஆண்கள் எழுதினார்கள். சொப்பன ஸ்கலிதத்தால் உடல் தேய்கிறது, இளமைப் பழக்கத்தால் ஆண்மை போயிற்று, திருமணம் செய்துகொள்ளலாமா என்பன போன்ற கேள்விகள். கார்வேயின் பதில்கள் பெரும்பாலும் சுருக்கமானவை, சில வேளை எரிச்சலானவை: இது நோயில்லை, மருந்து வேண்டாம். மாத்திரைக்காரர் அச்சத்தைக் கூட்டி விற்ற அதே வாசகருக்கு இவர் அச்சத்தைக் குறைத்துக் காட்டினார்.

தண்டனை எவருக்குக் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். கார்வே மீது ஆபாச வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1934ஆம் ஆண்டு வழக்கு, கைப்பழக்கம், ஒருபாலுறவு முதலியவை பற்றி வாசகர் கேட்ட கேள்விகளுக்கு அவர் அளித்த பதில்களைச் சார்ந்தது. அவருக்காக வாதாடியவர் பி. ஆர். அம்பேத்கர். பாலியல் பற்றி எழுதுவதாலேயே எழுத்து ஆபாசமாகிவிடாது என்ற வாதம் அன்று எடுபடவில்லை. கார்வேக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அதே பம்பாயில், மதிப்புக்குரிய நாளிதழ்களில் வீரிய மாத்திரை விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. இந்திய மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கசப்பான நகைமுரண் அதிகம் இல்லை.

விடுதலைக்குப் பின் அரசு விளம்பரத்தின் மீது கைவைத்தது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், பாலின்பத் திறனைப் பேணுவதாகவோ கூட்டுவதாகவோ மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடைசெய்தது. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஹம்தர்த் தவாகானா முதலியோர் தொடுத்த வழக்கில், 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கிவிட்டு ஏனையவற்றை நிலைநிறுத்தியது. இத்தகைய விளம்பரம் வணிகத்தின் ஒரு கூறு, கருத்துரிமையின் பாற்பட்டதாகாது என்றது தீர்ப்பு. பேச்சுரிமை பற்றிய வழக்குகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் அத்தீர்ப்பு லேகியத்தையும் மாத்திரையையும் முன்னிட்டுப் பிறந்தது என்பது சட்ட மாணவர் பலருக்கு நினைவிருப்பதில்லை.

சட்டம் விளம்பரத்தைத்தான் தடுத்தது. அச்சத்தை யாரும் தொடவில்லை. பதிவுபெற்ற மருத்துவர் தம் இடத்தில் பெயர்ப்பலகை வைக்கச் சட்டமே விலக்கு அளித்திருந்தது. மற்றவர்கள் நாளிதழிலிருந்து சுவருக்கு நகர்ந்தார்கள். வட இந்திய இரயில் பாதையோரச் சுவர்களில் ‘குப்த ரோக்’, அதாவது இரகசிய நோய், என்ற இரண்டு சொற்களும் ஒரு முகவரியும் போதுமாக இருந்தன. நோயின் பெயரே இரகசியம் என்றாகிவிட்ட பிறகு விளம்பரத்தில் வேறென்ன சொல்ல வேண்டியிருக்கிறது!

சட்டம் வந்த ஆறாண்டுக்குள் லக்னோவில் ஒரு மனநல மருத்துவர் அந்த அச்சத்துக்குப் பெயர் சூட்டினார். என். என். விக் 1960இல் ‘தாத் நோய்க்குறித் தொகுப்பு’ என்ற சொல்லாட்சியைக் கொண்டுவந்தார். களைப்பு, உடல்வலி, மனச்சோர்வு, சிறுநீரில் வெண்மையாக ஏதோ போகிறது என்ற உறுதி ஆகியவற்றோடு வரும் இளைஞருக்கு உடலில் பெரும்பாலும் கோளாறு எதுவும் தென்படுவதில்லை. உலக நல நிறுவனத்தின் 1992ஆம் ஆண்டு நோய் வகைப்பாட்டிலும் இச்சொல் இடம்பெற்றது. இலங்கை மனநல மருத்துவர் அதுல சுமதிபாலவும் உடன் ஆய்வாளரும் 2004இல் இதை மறுத்து, இந்த அச்சம் ஒருகாலத்தில் ஐரோப்பாவுக்கும் பொதுவாக இருந்தது என்று காட்டினார்கள். பெயர்ச் சண்டை எப்படியிருந்தாலும் சிகிச்சை எளியது: விளக்கிச் சொல்லுதல், தேறுதல், மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து. விரைவில் விந்து வெளியேறுவதற்கும் 1956இல் அமெரிக்க மருத்துவர் செமன்ஸ் விவரித்த நிறுத்தித் தொடங்கும் பயிற்சிக்குச் செலவே இல்லை. ஆனால் காசில்லாத சிகிச்சைக்கு விற்பனையாளர் இல்லை. ஆகவே அதற்குச் சுவரும் இல்லை.

விறைப்புக் குறைபாடு வேறு வகை. அங்கே பெரும்பாலும் உடற்காரணம் உண்டு: நீரிழிவு, இரத்தக் குழாய் அடைப்பு, புகை, சில மருந்துகள். 1970களிலும் 1980களிலும் இதற்கு உட்பதிக்கும் கருவிகளும் உறுப்பில் செலுத்தும் ஊசிகளும் வந்தன. இறக்குமதியான திரவ அழுத்த வகைக் கருவி செல்வர்க்கே எட்டியது. மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த எளிய வகை அதைவிட மிகக் குறைந்த விலையில் கிடைத்தது. பின்னர் 1998 மார்ச் 27 அன்று அமெரிக்கா சில்டெனஃபிலுக்கு, அதாவது வயாகராவுக்கு, ஒப்புதல் அளித்தது. நெஞ்சுவலிக்கென ஆராயப்பட்ட மருந்து அது. மொத்த விலையே மாத்திரைக்கு ஏறத்தாழ 7 டாலர்.

இங்கே 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் தன் வேலையைக் காட்டியது. செய்முறைக்கு மட்டுமே உரிமை, மருந்துப் பொருளுக்கு இல்லை என்ற அச்சட்டத்தால் இந்திய நிறுவனங்கள் வேறு வழியில் அதே மருந்தைத் தயாரித்தன. புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெனெக்ரா, காவெர்ட்டா, காமாக்ரா எனப் பல பெயர்களில் அது கடைக்கு வந்துவிட்டது. ஃபைசர் தன் மூல வயாகராவை இந்தியாவில் விற்கத் தொடங்கியது 2005 டிசம்பரில்: 50 மில்லிகிராம் மாத்திரை 463 ரூபாய், 100 மில்லிகிராம் 594 ரூபாய். உள்நாட்டு மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே மூலக்கூறு, ஒரே செயல். இதற்கு முந்தைய நூறாண்டுச் சந்தையில் அரசனின் குஷ்தாவுக்கும் தெருவோர எண்ணெய்க்கும் இடையே விலைதான் வேறு, பலன் ஒன்றுபோலவே ஐயத்துக்குரியது. இப்போது முதன்முறையாக, மலிவான சரக்கும் உண்மையிலேயே வேலை செய்தது.

அதனால் சுவர் விளம்பரங்கள் மறைந்துவிடவில்லை. பயனுள்ள மாத்திரை சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கையில், ‘மூலிகை’ என்று பெயரிட்ட பல மாதப் பொட்டலங்கள் ஆயிரக்கணக்கில் விற்பதற்கு, பழைய வி.பி.பி.யின் காரணமே காரணம். மருந்துக் கடையில் சீட்டை நீட்ட வேண்டும். சீட்டு வாங்க மருத்துவரிடம் வாய்திறக்க வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. உலகின் பல நாடுகளில் மூலிகைப் பொட்டலங்களைச் சோதித்தபோது, அறிவிக்காமல் கலந்த சில்டெனஃபில் அவற்றில் சிக்கியது. மலிவான ஆங்கில மருந்தை உயர்ந்த விலை மூலிகையாக விற்கும் தந்திரம் இது. இதயநோய்க்கு நைட்ரேட் மாத்திரை உட்கொள்பவர் அறியாமல் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து.

செலவுக் கணக்கில் எவரும் எழுதாத இனம் ஒன்று எஞ்சியிருக்கிறது. விறைப்புக் குறைபாடு பல ஆண்களுக்கு நீரிழிவின் அல்லது இதயநோயின் முன்னறிவிப்பு. சர்க்கரைச் சோதனை அரசு மருத்துவமனையில் இலவசம். தனியாரிடமும் சொற்பச் செலவே. லேகியத்தில் ஆண்டுக்கணக்காகப் பணம் செலவிட்டவர் இழந்தது பணத்தை மட்டுமல்ல, அந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கக்கூடிய ஆண்டுகளையும்.

கார்வேயின் வேலையை அதே நகரில் பின்னாளில் தொடர்ந்தவர் மருத்துவர் மகிந்தர் வாட்சா. 2005 முதல் ‘மும்பை மிரர்’ நாளிதழில் அவர் எழுதிய கேள்வி பதில் பத்திக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி, ‘சமாஜ் ஸ்வாஸ்த்ய’ வாசகர்களின் கேள்விகளை அப்படியே ஒத்திருந்தன: கைப்பழக்கம், அளவு, பலவீனம். பதில்களும் ஏறக்குறைய அவையே, சற்றுக் குறும்பு கூடுதலாக. 2020 டிசம்பரில் 96 வயதில் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பத்தியும் ஆபாசமானது என்று நீதிமன்றம் வரை சென்றவர்கள் இருந்தார்கள்.