டின் டப்பாவில் ஒரு கேஸ் அடுப்பு... குற்றாலம் டூருக்கு நீங்களே செய்யலாம்!

தென்காசிப் பக்கம் சாரல் அடிக்குதுனு ஒரு ரீல்ஸ் கண்ணில் பட்டால் போதும், அடுத்த சனிக்கிழமைக்கு வேன் பேசிடுவோம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம்னு ஒரு ரவுண்டு குளிச்சிட்டு, நடுங்கிக்கிட்டே வெளியே வந்ததும் உடம்பு கேட்கும் முதல் விஷயம், சூடா ஒரு டீ. வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கி, கூட்டமாகச் சமைத்துச் சாப்பிடுவது குற்றாலத்தில் பழைய பழக்கம். அதனால் பலரும் கிளம்பும்போதே ஒரு சின்ன சிலிண்டரையும் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள்.

அதில் இருக்கும் ஆபத்துக்கு 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி மதுரை ரயில் நிலையம் அருகே நடந்ததே போதும். நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி ஒன்றில், விதியை மீறிக் கொண்டுவரப்பட்ட கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். ரயிலில் சிலிண்டர், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதற்குமே அனுமதி கிடையாது.

சிலிண்டரே இல்லாமல், கையில் கிடைக்கிற சுள்ளியை வைத்து, புகை அதிகம் இல்லாமல் டீ போட முடியுமா? முடியும். காலி டின் மூன்று இருந்தால் ஒரு மதியத்தில் செய்துவிடலாம். இதற்கு 'வுட் கேஸ் ஸ்டவ்'னு பெயர். எப்படிச் செய்வது என்பதோடு, எங்கே பற்ற வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே படிங்க. இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம்.

புகைதான் எரிபொருள்!

வீட்டில் ஒரு சின்னச் சோதனை பண்ணிப் பாருங்க. மெழுகுவத்தியை ஊதி அணைங்க. திரியிலிருந்து வெள்ளைப் புகை மேலே எழும். அந்தப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலேயே தீ சட்டென்று இறங்கிப் பிடிக்கும். காரணம், அந்தப் புகை எரியாமல் தப்பித்துப் போகும் மெழுகு.

விறகிலும் இதே கதைதான். மரத்துண்டு சூடாகும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளியே வரும். நாம் பார்க்கும் தீ, அந்த வாயு எரிவதுதான். சாதாரண அடுப்பில் போதுமான காற்றும் சூடும் கிடைக்காத வாயு, புகையாகி நம்ம கண்ணை எரிக்கிறது. மேலே போகும் அந்தப் புகைக்கு இன்னொரு முறை சூடான காற்றைக் கொடுத்தால், அதுவும் எரிந்துவிடும். இந்த அடுப்பின் மொத்த ரகசியமும் அவ்ளோதான்.

அதற்காகத்தான் ஒரு டின்னுக்குள் இன்னொரு டின். வெளி டின்னின் அடிப்பக்க ஓட்டைகள் வழியாகக் காற்று உள்ளே வரும். ஒரு பங்கு உள் டின்னின் அடியில் நுழைந்து விறகைச் சூடாக்க உதவும். மீதிக் காற்று இரண்டு டின்னுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஏறி, சூடாகி, உள் டின்னின் மேல் ஓட்டைகள் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அங்கே புகை பற்றிக்கொள்ளும். நம்ம கேஸ் அடுப்பு பர்னர் மாதிரியே சுற்றிலும் சின்னச் சின்னத் தீ நாக்குகள் தெரியும்.

தாத்தா காலத்து கரி பஸ்

இது புது விஷயம் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததும், தமிழ்நாட்டில் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பஸ்ஸோடு ஒரு பெரிய உருளையைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டு, வரும் வாயுவை என்ஜினுக்கு அனுப்பினார்கள். மதுரையைச் சேர்ந்த டி.வி.எஸ் நிறுவனம் அந்தக் காலத்தில் இதற்கான கேஸ் பிளான்ட்டையே தயாரித்தது. வீட்டில் பெரியவர்களிடம் 'கரி பஸ்'னு கேட்டுப் பாருங்க, கதை கிடைக்கும்.

சமையலுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ரீட். விறகை மேலிருந்து பற்ற வைக்கும் அடுப்புக்கான வேலையை 1985-ல் தொடங்கினார். நார்வேயைச் சேர்ந்த பால் வெண்டெல்போ ஆப்பிரிக்காவில் இருந்தபடி தனியாக இதே முறையை உருவாக்கினார். நம்ம ஊருக்கும் இது வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தில் உருவான 'ஊர்ஜா' அடுப்பு, 2006-லிருந்து தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் விற்பனையானது. பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன், எரிக்க விவசாயக் கழிவில் செய்த வில்லைகள். வில்லையின் விலை ஏற ஏற, மக்கள் அதை ஓரம் கட்டிவிட்டார்கள். நாம் செய்யப் போகும் அடுப்புக்கு ஃபேனும் வேண்டாம், வில்லையும் வேண்டாம்.

என்னென்ன வேணும்?

* உள் டின்: சுமார் 10 செ.மீ. விட்டம், 12 செ.மீ. உயரம். ஒரு கிலோ ரசகுல்லா டின் கிட்டத்தட்ட இந்த அளவில் இருக்கும்.
* வெளி டின்: சுமார் 13 செ.மீ. விட்டம், 15 முதல் 18 செ.மீ. உயரம். பெரிய பால் பவுடர் டின் சரியா வரும். இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் ஒரு செ.மீ. இடைவெளியாவது வேணும். உயரத்தில் 3 செ.மீ. கூடுதலா இருக்கணும்.
* பாத்திரம் வைக்க: இரண்டு பக்கமும் திறந்த, 5 செ.மீ. உயரக் குட்டை டின் ஒன்று. அதன் விட்டம் உள் டின்னின் வாயைவிடக் கொஞ்சம் பெரிசா இருக்கணும்.
* ஆணி, சுத்தியல், தகரம் வெட்டுற கத்திரி, கட்டிங் பிளேயர், அரம், மார்க்கர், தடிமனான கையுறை. டிரில்லிங் மெஷின் இருந்தால் வேலை பாதி.

டின் வாங்கும்போது காந்தத்தை ஒட்டிப் பாருங்க. ஒட்டினால் இரும்பு, நல்லது. கூல் டிரிங்ஸ் கேன் அலுமினியம், 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், வேண்டாம். துத்தநாகம் பூசிய தகரமும் (ஜி.ஐ. ஷீட், வாளி) வேண்டவே வேண்டாம். சூட்டில் வரும் அதன் புகை உடம்புக்குக் கெடுதல்.

செய்முறை

1. உள் டின்: அடிப்பாகத்தில் 6 மி.மீ. அளவில் சுமார் 30 ஓட்டைகள் போடுங்க. அடுத்து, வாய் விளிம்பிலிருந்து 2 செ.மீ. கீழே, சுற்றிலும் ஒரே வரிசையில் 18 ஓட்டைகள். இதுவும் 6 மி.மீ. இந்த மேல் வரிசைதான் புகையை எரிக்கப் போகுது, அதனால் இடைவெளி ஒரே சீரா இருக்கட்டும். ஆணியால் அடிப்பதென்றால் டின்னுக்குள் ஈரமணலை இறுக்கி நிரப்பிட்டு அடிங்க, நசுங்காது.

2. வெளி டின்: இதைக் கவிழ்த்து வைங்க. மூடி இருந்த வாய்ப்பக்கம் இனி தரையில். அடித்தகடு இப்போ மேலே இருக்கும். அதன் நடுவில் உள் டின்னை வைத்து வட்டம் வரைஞ்சு, கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளேயே வெட்டுங்க. உள் டின் இறுக்கமா நுழையற வரைக்கும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமா ராவுங்க. டின்னின் விளிம்பு மட்டும் மேலே தங்கி நிற்கணும், முழுசா உள்ளே விழக் கூடாது.

3. காற்று வாசல்: வெளி டின்னின் பக்கவாட்டில், தரையிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் 12 ஓட்டைகள், ஒவ்வொன்றும் 10 மி.மீ.

4. பொருத்துதல்: உள் டின்னை மேலிருந்து இறக்குங்க. அதன் மேல் வரிசை ஓட்டைகள், வெளி டின்னின் தகட்டுக்குக் கீழே மறைஞ்சு இருக்கணும். வெளியே தெரிந்தால் சூடான காற்றுக்குப் பதில் குளிர்ந்த காற்று போகும், புகை எரியாது.

5. ஸ்டாண்ட்: குட்டை டின்னின் மேல் விளிம்பில் ஐந்தாறு பெரிய ஓட்டைகள், பக்கத்தில் சுள்ளி போட ஒரு வெட்டு. அதை அடுப்பின் மேல் வைத்தால் முடிஞ்சது. பாத்திரம் நேராக அடுப்பு வாயில் உட்கார்ந்தால் தீ அணையும், கரியும் பிடிக்கும்.

வெட்டிய எல்லா விளிம்பையும் அரத்தால் ராவிடுங்க. முதல் தடவை சமையல் இல்லாமல் வெட்டவெளியில் ஒரு முறை முழுசா எரிங்க. டின்னின் உள் பூச்சும் வெளி பெயின்ட்டும் அப்போ எரிஞ்சு போகும். அந்தப் புகையிலிருந்து தள்ளி நில்லுங்க.

மேலிருந்து பற்ற வைங்க

அடுப்பை ஓடு அல்லது தட்டையான கல் மேல் வைங்க, அடியில் கங்கு விழும். விரல் தடிமன் சுள்ளியை விரல் நீளத்துக்கு உடைச்சு, மேல் வரிசை ஓட்டைகளுக்கு ஒரு செ.மீ. கீழே வரைக்கும் நிரப்புங்க. உடைச்ச தேங்காய்ச் சிரட்டையும் அருமையா எரியும். மேலே தென்னை நார், சிறாய் கொஞ்சம் வைத்து, அங்கேதான் தீ வைக்கணும். நம்ம வீட்டு விறகு அடுப்பு மாதிரி அடியில் வைக்கக் கூடாது. தீ மேலே இருந்து மெல்ல இறங்கும்போது, கீழிருந்து எழும் வாயு அந்தத் தீயைக் கடந்துதான் வெளியே போக முடியும். அதனால்தான் புகை இல்லை.

மண்ணெண்ணெய், பெட்ரோல், சானிடைசர் ஊற்றுவது எப்பவுமே கூடாது. விறகு காய்ந்திருந்தால் அதற்கு அவசியமே வராது. குற்றாலத்தில் சீசன் நேரத்தில் கீழே கிடக்கும் குச்சி எல்லாம் ஈரம்தான். அதனால் காய்ந்த சுள்ளியும் சிரட்டையும் வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி எடுத்துட்டுப் போங்க.

சரியா எரியலையா?

* வெள்ளைப் புகை வருதா? மேல் தீ அணைஞ்சிருக்கும். எரியும் பேப்பர் துண்டை மேலே போடுங்க. அப்பவும் புகை நிற்கலைனா விறகு ஈரம்.
* பாத்திரம் கறுப்பாகுதா? விறகு மேல் ஓட்டைகளைத் தாண்டி நிரம்பியிருக்கும்.
* பாதியில் சோர்ந்து போகுதா? அடி ஓட்டைகளைச் சாம்பல் அடைச்சிருக்கும்.
* காற்றில் தீ அலையுதா? இரண்டு பக்கம் செங்கல் வைங்க.
* விறகு தீருதா? ஒன்றிரண்டு சுள்ளியா போடுங்க. மொத்தமா கொட்டினால் புகைதான் வரும்.

சாரலில் நனையுதுனு உள்ளே கொண்டு போகாதீங்க!

இந்த அடுப்பில் தப்பு நடக்க வாய்ப்புள்ள இடம் இதுதான். குற்றாலம் டூர்னாலே மழை. அடுப்பு நனையும், குளிரும். "புகைதான் வரலையே, ரூமுக்குள்ள வெச்சுக்கலாம்"னு யாராவது சொல்வாங்க. கண்டிப்பா மறுத்துடுங்க.

விறகிலிருந்து வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. தீ நன்றாக எரியும்போது அதில் பெரும்பகுதி எரிந்துவிடும். தீ அடங்கி, சிவப்புக் கங்கு மட்டும் மிஞ்சும்போது அது எரியாமல் வெளியே வரும். அதற்கு நிறமில்லை, வாசனையும் இல்லை. 'கதகதப்பா இருக்கு'னு நாம் நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். 2024 ஆகஸ்ட்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இளைஞர்கள் இருவர், அறைக்குள் இருந்த பார்பிக்யூ அடுப்பின் புகையால் தூக்கத்திலேயே உயிரிழந்தார்கள்.

அறை, கார், வேன், டென்ட், ஜன்னல் திறந்த பால்கனி, எதுவும் வேண்டாம். யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கூட்டிட்டு வந்து 108-ஐ அழைங்க. வேலை முடிந்ததும் கங்கின் மேல் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்க. கையை மேலே காட்டினால் சூடே தெரியக் கூடாது. அப்புறம்தான் வண்டியில் ஏற்றணும்.

எங்கே பற்ற வைக்கலாம், எங்கே கூடாது?

செண்பகாதேவி, தேனருவி பக்கம் எல்லாம் வனத்துறையின் காடு. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம், அது டின் அடுப்பா இருந்தாலும்தான். மலையில் தீ எவ்ளோ வேகமா ஓடும் என்பதை, 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் பார்த்தோம். மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவர்களை அந்தக் காட்டுத்தீ பலிகொண்டது.

ஆற்றங்கரையும் வேண்டாம். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் உயிரிழந்தார். மேலே மலையில் பெய்த மழை, கீழே நிற்கிறவங்களுக்குத் தெரியாது. டீ கொதிக்கிறதைப் பார்த்துக்கொண்டு உட்காரும் இடம் அது இல்லை.

தங்கும் வீட்டின் திறந்த முற்றம், மொட்டை மாடி, இலஞ்சி, செங்கோட்டைப் பக்கம் தெரிந்தவர்களின் தோப்பு, இதெல்லாம் சரி. எங்கேயும் உரிமையாளரிடம் முதலில் கேளுங்க. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். குரங்குக் கூட்டம் வரும் இடம்னா அடுப்பை விட்டு ஒரு நிமிஷம்கூட நகராதீங்க. டின்னைத் தட்டிவிட்டு பிஸ்கட் பாக்கெட்டோடு போயிடும்!

டின் மெல்லிய தகடுதான், சில டூர்களில் துருப்பிடித்து ஓட்டை விழும். அப்போ அடுத்த ரசகுல்லா டின்னை வாங்குங்க. முதலில் ரசகுல்லாவைக் காலி பண்ணுங்க, அந்த வேலையில் உதவ ஆள் நிறைய கிடைக்கும்.