ஒன்பது முட்டையும் ஒரு முட்டையும்



எங்கள் வீட்டிலே இப்பொழுது இருவரே இருக்கிறோம். பிள்ளைகள் மூவரும் கடல் கடந்து போய்விட்டனர். கனடாவில் வாழும் மூத்த மகள் சென்ற ஐப்பசி மாதத்தில் தொலைபேசியிற் பேசியபொழுது, அங்கே கடைத்தெருவெங்கும் பூசணியும் கறுவாவும் மணக்கின்றன என்றும், தன் பிள்ளைகள் பூசணியில் ஒரு பண்டம் கேட்டு அடம்பிடிக்கின்றனர் என்றும் கூறி, "அப்பா, நீங்களும் அம்மாவும் ஒருமுறை செய்து பாருங்கள்" என்றாள். ஆங்கிலத்திலே அப்பண்டத்தைப் 'பை' என்பர். நம்மிடையே பை என்றாற் சந்தைக்குக் கொண்டுபோவதே நினைவுக்கு வருமாதலால், பூசணி அடை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கோதுமை மாவைப் பிசைந்து ஓடுபோல் தட்டி, அதனுள்ளே பூசணிக் களியும் பாலும் முட்டையும் இனிப்பும் வாசனைச் சரக்கும் கலந்து ஊற்றி, போறணையிலே வேகவைத்து எடுப்பது அது.

சரித்திரம் படிப்பித்த எனக்கு, அடுப்பை மூட்டுமுன் அதன் பிறப்பு வளர்ப்பை அறிய வேண்டுமென்று தோன்றிற்று. அந்த வரலாற்றிலே அறிந்தவற்றுட் சிலவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாம் கறி சமைக்கும் மஞ்சட் பூசணி நமது பழைய நிலத்துக் காய் அன்று. நீற்றுப்பூசணியே ஆசியாவுக்கு உரியது. மஞ்சட் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிக்கோ நாட்டின் வாகாக்கா மாநிலத்திலுள்ள கீலா நக்கீற்சு என்னும் குகையிலே கிடைத்த பூசணி இன விதைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுப் பழைமையுடையன. மனிதர் பயிரிட்ட விதைகள் அவை என்று ஆராய்ச்சியாளர் துணிந்துள்ளனர். பின்னாளில் வட அமெரிக்கப் பழங்குடியினர் சோளம், அவரை, பூசணி என்னும் மூன்றையும் ஒரே பாத்தியில் வளர்த்தனர். சோளத்தட்டையிலே அவரை படரும். பூசணியிலை நிலத்தை மூடிக் களையையும் வெயிலையும் தடுக்கும். போர்த்துக்கேயர் காலத்துக்குப் பின்னரே இக்காய் நம் பக்கத்துக்கு வந்தது. தமிழகத்தார் இதனைப் பறங்கிக்காய் என வழங்குவதும் அந்த வரவைச் சொல்லாமற் சொல்கிறது.

இனி, அடைக்கு வருவோம். அமெரிக்கச் சிறுவர் பலர் நம்பி வளரும் கதை ஒன்றுண்டு. இங்கிலாந்திலிருந்து சென்று பிளிமத் என்னுமிடத்திலே குடியேறியவர்கள், 1621 ஆம் ஆண்டு முதல் அறுவடையை முடித்துப் பழங்குடியினரோடு விருந்துண்டபொழுது பூசணி அடையையும் உண்டனர் என்பது அக்கதை. அவ்விருந்து நடந்தது உண்மை. அங்கிருந்த எட்வேட் வின்சிலோ என்பவர் எழுதிய கடிதம் இருக்கிறது. வம்பனோவாக் குலத்தலைவர் மசசோயிற்று தம்முடைய ஆட்கள் தொண்ணூறு பேருடன் வந்தார். மூன்று நாள் விருந்து நடந்தது. அவர்கள் ஐந்து மான் கொண்டுவந்தனர் என்பன அதிலே உள. பூசணி அடை அதில் இல்லை, இருந்திருக்கவும் முடியாது. கோதுமை மாவுக்கு அவர்கள் எங்கே போவார்கள்? அக்குடியேற்றத்துக்குப் பசுக்கள் வந்து சேர்ந்ததே 1624 இலேதான். பூசணியை அவர்கள் அவித்தோ சுட்டோ உண்டிருக்கலாம், அவ்வளவே.

அதே 1621 ஆம் ஆண்டிலே உலகின் மறுகோடியில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சாதிக்காயும் வசுவாசியும் விளைந்த பண்டாத் தீவுகளை ஒல்லாந்தக் கம்பனியார் அவ்வாண்டிலேதான் படைகொண்டு அடக்கினர். தீவு மக்களுட் பெரும்பாலார் கொல்லப்பட்டனர், அல்லது அடிமைகளாக்கப்பட்டனர், அல்லது பட்டினியால் மாண்டனர். பிற்காலத்துப் பூசணி அடையிலே மணக்கும் சாதிக்காய்க்கு இப்படியொரு வரலாறு உண்டு. முப்பத்தைந்து ஆண்டு கழித்து, 1656 இல், அதே கம்பனியார் கறுவாவுக்காகக் கொழும்பையும் கைப்பற்றினர்.

மாவோட்டிலே பூசணியை இட்டு வேகவைக்கும் முறை அமெரிக்காவிலே தோன்றியதன்று. பிரான்சு நாட்டுச் சமையல் வல்லுநர் லா வரேன் 1651 இல் வெளியிட்ட நூலிலே பாலில் வெந்த பூசணியைச் சீனியும் வெண்ணெயும் சேர்த்து மாவோட்டில் வேகவைக்கும் முறை காணப்படுகிறது. அமெரிக்கக் காய் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே மாவோட்டுக்குட் புகுந்து, திரும்பவும் அமெரிக்கா வந்தது என்று கொள்ளலாம்.

1796 ஆம் ஆண்டு நமக்கு நினைவிலுள்ள ஆண்டு. பெப்ருவரி மாதத்திலே ஒல்லாந்தர் கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். அவ்வாண்டிலே அமெரிக்காவின் காட்பேட் நகரில் ஒரு சிறு நூல் அச்சேறியது. அமெரிக்கர் ஒருவர் எழுதி, அமெரிக்காவிலேயே வெளிவந்த முதற் சமையல் நூல் என்று அதனைப் போற்றுவர். எழுதியவர் அமீலியா சிமன்சு. தம்மை ஓர் அமெரிக்க அநாதை என்று நூலின் முகப்பிலேயே அவர் குறித்தார். அவரைப் பற்றி வேறெதுவும் அறியுமாறில்லை. போதிய கல்வி இல்லாமையால் எழுத்துவேலையைப் பிறர் ஒருவரிடம் ஒப்படைத்ததாகவும், அவர் தம் எண்ணத்துக்கு மாறானவற்றை நூலிலே புகுத்திவிட்டதாகவும் பின்னர் அவர் வருந்தி அறிவித்தார். கைப்பக்குவம் முழுவதும் தம்முடையதாயிருந்தும், அதைத் தம் கையால் எழுதமுடியாது போன அப்பெண்ணின் நிலையை, பாடசாலையிலே காலங்கழித்த எவரும் எளிதிற் கடந்துபோக முடியாது. நான் அந்த இடத்தை இருமுறை வாசித்தேன்.

அவர் பூசணிக்கு இரண்டு முறை தந்துள்ளார். முதலாவதிலே பூசணிக் களி ஒரு குவாட்டு, அதாவது இரண்டு பைந்து, பாலாடை மூன்று பைந்து, முட்டை ஒன்பது, சீனி, வசுவாசி, சாதிக்காய், இஞ்சி. முக்கால் மணி நேரம் வேகவேண்டும். இரண்டாவது முறை சற்று எளியது. பாலாடைக்குப் பதில் ஒரு குவாட்டுப் பால், ஒரு பைந்து பூசணி, நான்கு முட்டை, சீனிக்குப் பதில் கரும்புப்பாகு. ஒன்று செல்வர் வீட்டுக்கு, மற்றது ஏனையோருக்கு என்று அவர் சொல்லவில்லை. முட்டைக் கணக்கே சொல்லிவிடுகிறது. அந்தக் கரும்புப்பாகோ மேற்கிந்தியத் தீவுகளிலே ஆபிரிக்க அடிமைகள் உழைத்த தோட்டங்களிலிருந்து வந்தது. ஏழை வீட்டு அடை என்பதால் அதன் கணக்குச் சுத்தமாகிவிடாது.

1829 இல் இலிடியா மரியா சைல்டு என்னும் பெண்மணி சிக்கனக் குடும்பத்துக்கென்று ஒரு சமையல் நூல் எழுதினார். என் மனைவிக்கு மிகவும் பிடித்தவர் இவரே. சாதாரண வீட்டுக்கு ஒரு குவாட்டுப் பாலுக்கு மூன்று முட்டை போதும், ஒரு முட்டையிலும் குறைசொல்ல முடியாத அடை வரும், முட்டை கூடக்கூட அடை நன்றாகும் என்கிறார். வசதிக்கேற்ப வரம்பைத் தளர்த்திச் சொல்லும் இந்தப் பரிவு சமையல் நூல்களில் அரிது. பூசணியின் உட்சதையைச் சுரண்டி எறியவேண்டாம், விதைக்கு அண்மையிலுள்ள பகுதியே தித்திப்பானது என்றும் சொல்கிறார். கறுவாத் தூள் இவர் முறையிலே இரண்டு பெருங்கரண்டி. இதே அம்மையார் 1833 இல் அடிமை முறையைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். அதனாற் சினந்த பலர் அவருடைய ஏனைய நூல்களையும் வாங்காது விட்டனர்.

பூசணி அடையை நாட்டுப் பண்டமாக்கியவர் சாரா ஏல். ஐந்து பிள்ளைகளோடு கைம்பெண்ணான இவர், பிழைப்புக்காக எழுத்தை நாடி 1827 இல் ஒரு நாவல் எழுதினார். நன்றி நவிலும் நாள் விருந்தொன்றை அதில் விரித்து வருணித்து, பூசணி அடை இன்றி அவ்விருந்து நிறைவுறாது என்றார். அந்நாளை நாடெங்கும் ஒரே நாளிற் கொண்டாட வேண்டுமென்று பல ஆண்டுகளாக ஆளுநர்களுக்கும் சனாதிபதிகளுக்கும் எழுதினார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 ஆம் ஆண்டிலே ஆபிரகாம் இலிங்கன் அவ்வாறே பிரகடனம் செய்தார். தென்மாநிலத்தவருட் பலர் நெடுங்காலம் அதை வடக்கத்தியார் பண்டிகை என்று கருதி ஒதுங்கி நின்றனர். பிளிமத்திலேயோ, 1970 முதல் பழங்குடியினர் அதே நாளைத் துக்கநாளாக அனுட்டித்து வருகின்றனர். ஒரே நாளில் ஒரே ஊரில் விருந்தும் துக்கமும்.

1929 இலே இலிபி என்னும் கம்பனி பூசணிக் களியைத் தகரப்பேணியில் அடைத்து விற்கத் தொடங்கிற்று. அதன்பின் பூசணியை வெட்டுவாரும் அவிப்பாரும் குறைந்தனர். வழக்கமான ஒரு பேணிக்கு ஒரு பெரிய அடை, எட்டுத் துண்டு என்பது கணக்காயிற்று. எட்டுப்பேர் இல்லாத வீட்டைப் பற்றிப் பேணிக்குக் கவலையில்லை.

எங்கள் வீட்டுக்கு அமீலியா அம்மையாரின் முதல் முறையையே எடுத்துக்கொண்டேன். ஒன்பது முட்டை என்பது கணக்காசிரியருக்குப் பிடித்தமான எண். யாவற்றையும் ஒன்பதாற் பிரித்தால் முட்டை ஒன்றாகிறது, பூசணிக் களி ஏறத்தாழ 105 மில்லிலீற்றர், பாலாடை 160. ஒரு முட்டையைப் பாதியாக்குவது தொல்லை. ஆகவே இதற்குக் கீழே இறங்கவேண்டியதில்லை. ஆறங்குலத் தட்டு ஒன்றுக்கு இது போதும். பாலாடைக்கு எங்கள் ஊரிலே எங்கே போவது? தேங்காயின் முதற்பாலை எடுத்துக்கொண்டோம். சீனி மூன்று மேசைக்கரண்டி. சாதிக்காயும் இஞ்சியும் சிறிது. கறுவா கால் தேக்கரண்டி, சைல்டு அம்மையாரிடம் கடன்பெற்றது. கனடாவிலே கறுவா என்று விற்பது பெரும்பாலும் காசியாப் பட்டை. எங்களிடம் இருந்தது உண்மைக் கறுவா.

ஓட்டுக்குக் கோதுமை மா 90 கிராம், குளிர்ந்த பட்டர் 45 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, குளிர்நீர் ஒன்றரை மேசைக்கரண்டி. பட்டரை மாவோடு விரல்நுனியால் உதிரியாகப் பிசறியபின்பே நீர் தெளிக்க வேண்டும். அழுத்திப் பிசைந்தால் ஓடு இறுகிப்போகும். ஓட்டை வெறுமையாகப் பன்னிரண்டு நிமிடம் போறணையில் வைத்தெடுத்துப் பின் கலவையை ஊற்றினோம். பூசணியை நீரில் அவிக்காது ஆவியிலே அவித்து, மசித்து, தாச்சியிலிட்டு ஈரம் வற்றக் கிளறினோம். இதைச் செய்யாவிட்டால் அடை கசியும். 175 பாகை வெப்பத்திலே முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவாக வெந்தது. ஓரம் இறுகி நடு மட்டும் இலேசாக ஆடும்பொழுது எடுத்துவிட வேண்டும். வட்டிலப்பம் செய்தறிந்தோருக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆறியபின் அது தானே இறுகும்.

மாலையிலே அதனை வெட்ட அமர்ந்தோம். என் மனைவி கத்தியை எடுத்தவள், பழக்கத்தினால் ஐந்தாக வெட்டிவிட்டாள். இரண்டை நாங்கள் உண்டோம். மூன்றை அயல்வீட்டுப் பிள்ளைகள் வந்து, வட்டிலப்பம் என்றே நினைத்து உண்டு போயினர்.