சுங்க அலுவலகத்தில் மெல்வில்

1866 டிசம்பரில் ஹெர்மன் மெல்வில் நியூயார்க் சுங்கத்துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தார். நாளொன்றுக்கு 4 டாலர் ஊதியம், வாரத்தில் ஆறு நாள் வேலை. 1851இல் வெளிவந்த 'மோபி டிக்' விலைபோகவில்லை. குடும்பத்துக்கு நிலையான வருவாய் இதனால்தான் வாய்த்தது. கையூட்டுக்குப் பேர்போன அவ்விடத்தில் 19 ஆண்டுகள் கறைபடாதிருந்தார். பதவி உயர்வோ? அது கட்சிக்காரர்களுக்கு உரியது.

நண்பர் ஹாத்தார்ன் சேலம் சுங்க அலுவலகத்தில் பணியாற்றியவர். ஆட்சி மாறியதும் 1849இல் வேலையிழந்தார். மறு ஆண்டே 'தி ஸ்கார்லெட் லெட்டர்' வந்தது. மெல்விலுக்கு அந்த 'நல்வாய்ப்பு' அமையவில்லை என்று எழுத மாதச் சம்பளக்காரனான எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது. பணி நேரம் போக எழுதிய நெடுங்கவிதை 'கிளாரெல்', மாமன் தந்த பணத்தில் 1876இல் அச்சாயிற்று. 1885 இறுதியில் வேலையைத் துறந்த பின்னரே 'பில்லி பட்' எழுதலானார். அது கையெழுத்துப் படியாகக் கிடக்க, 1891இல் மறைந்தார். அச்சேறியது 1924இல்.